1972 எம்.ஜி.பி.: ரேடியேட்டர் எலெக்ட்ரிக் ஃபேனுக்கு பச்சை வயரிலிருந்து கரன்ட் எடுக்கலாமா?

#1 நாலுசக்கரம்

கார்: 1972 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சி.சி., குரோம் பம்பர், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்தது), 17ஏ.சி.ஆர். ஆல்டர்னேட்டர், 82 டிகிரி தெர்மோஸ்டாட். இன்ஜினோடு சுற்றும் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, 12 அங்குல எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப் போகிறேன். ஓடும்போது 10 ஆம்ப் எடுக்கும் என்று அதன் மேலேயே போட்டிருக்கிறது.

கூட வந்த தாளில், "இக்னிஷன் போட்டால் கரன்ட் வரும் ஃப்யூஸ் முனையில் இணைக்கவும்" என்று ஒரே வரிதான். என் ஃப்யூஸ் பாக்ஸில் அது பச்சை வயர். அங்கே இருப்பது 35 ஆம்ப் ஃப்யூஸ். 10 ஆம்ப் தாங்காதா? ரிலே (சின்ன கரன்டால் பெரிய கரன்டை இயக்கும் ஸ்விட்ச்) கட்டாயமா? தெர்மோ ஸ்விட்ச் எங்கே வைப்பது, எத்தனை டிகிரி வாங்குவது?

#2 பூஜ்யம்_ஓம்

பச்சையில் கோக்காதீர்கள். அந்தத் தாளை எழுதியவர் எந்தக் காரையும் மனதில் வைத்து எழுதவில்லை.

முதலில் அந்த 35. பழைய லூக்காஸ் கம்பெனிக் கண்ணாடி ஃப்யூஸில் போட்டிருக்கும் எண், அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான், 17 ஆம்ப். உங்கள் பச்சை வட்டத்தில் ஏற்கெனவே பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹீட்டர் ஃபேன், பெட்ரோல் மீட்டர் எல்லாம் தொங்குகின்றன. மழையில் வைப்பரும் ஹீட்டரும் ஓட, பிரேக்கை மிதித்தபடி சிக்னலில் நிற்கும்போது அதிலேயே 10 ஆம்ப் போய்க்கொண்டிருக்கும். அதன் தலையில் இன்னொரு 10 ஆம்ப் ஏற்றினால் ஃப்யூஸ் ஒரு நாள் போகும். போகும்போது ஃபேன் மட்டும் நிற்காது, பிரேக் லைட்டும் சேர்ந்து அணையும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது தெரியாது. இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. பச்சைக்குக் கரன்ட் வருவது வெள்ளை வயர் வழியாக; வெள்ளை வருவது இக்னிஷன் சாவி ஸ்விட்ச் வழியாக. ஐம்பது வயதான அந்தத் தாமிர முனைகளில் கூடுதலாக 10 ஆம்ப் இழுத்தால் அங்கே வோல்டேஜ் குறையும். குறைந்த வோல்டேஜ்தான் இக்னிஷன் காயிலுக்கும் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தருவது) போய்ச் சேரும்.

சரியான வழி: ஃபேனுக்குத் தனி வட்டம். பழுப்பு வயர் என்றால் பேட்டரியிலிருந்து சாவியோ ஃப்யூஸோ இல்லாமல் நேராக வருவது. அந்தப் பழுப்பு எல்லாம் கூடும் இடம் ஸ்டார்ட்டர் சொலினாய்டில் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரன்ட் விடும் ஸ்விட்ச்) பேட்டரி கேபிள் ஏறும் போல்ட். அங்கிருந்து ஒரு புதிய வயர், 15 செ.மீ.க்குள் 20 ஆம்ப் பிளேடு ஃப்யூஸ், அடுத்து ரிலேயின் 30 (30, 85, 86, 87 எல்லாம் ரிலே முனைகளின் எண்கள்). ரிலேயின் 87இலிருந்து ஃபேனின் பாசிட்டிவ். ஃபேனின் நெகட்டிவ் பாடிக்கு. ரிலே காயிலின் 86க்கு இக்னிஷன் கரன்ட். 85 தெர்மோ ஸ்விட்சுக்கு. ஸ்விட்சின் மறுமுனை எர்த்துக்கு. காயில் இழுப்பது 0.15 ஆம்ப் அளவுதான். அந்த 0.15 ஆம்பை வேண்டுமானால் பச்சையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

#3 குளிர்நீர்

வயரிங்குக்கு முன்னால் ஒரு கேள்வி: கார் எப்போது சூடாகிறது? நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறுகிறதென்றால் ஃபேன் உதவும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும்போது ஏறினால் எந்த ஃபேனும் உதவாது. அந்த வேகத்தில் கிரில் வழியாக வரும் காற்று ஃபேன் தரும் காற்றைவிட அதிகம். அங்கே பார்க்க வேண்டியது அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், பின்தங்கிய டைமிங் (ஸ்பார்க் தாமதமாக வருவது), பெட்ரோல் போதாமல் காற்று கூடிய கலவை, சுருங்கும் கீழ் ஹோஸ். ஃபேனை மாட்டி அந்தக் கோளாறை மறைக்க முடியாது.

தெர்மோ ஸ்விட்ச் வாங்கும்போது எல்லாரும் ஆன் ஆகும் டிகிரியைத்தான் பார்க்கிறார்கள். ஆஃப் ஆகும் டிகிரிதான் முக்கியம். 82 டிகிரி தெர்மோஸ்டாட் 82இல் திறக்கத் தொடங்கி, முழுக்கத் திறக்க இன்னும் பத்து டிகிரிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மேல் ஹோஸில் (இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் குழாய்) வரும் தண்ணீரின் சூட்டை அது 82க்குக் கீழே இறங்க விடாது. ஆகவே ஸ்விட்ச் 79இல்தான் ஆஃப் ஆகுமென்றால், ஒரு தடவை ஓடத் தொடங்கிய ஃபேன் நிற்கவே நிற்காது. உங்கள் காருக்கு மேல் ஹோஸில் 92இல் ஆன், 87இல் ஆஃப். குளிர்காலத்துக்கு 88 டிகிரி தெர்மோஸ்டாட் மாற்றுகிற பழக்கம் இருந்தால் இதே ஸ்விட்ச் பொருந்தாது. ஆஃப் 91, 92 இருக்க வேண்டும்.

இதெல்லாம் மேல் ஹோஸுக்கான கணக்கு. ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் வைத்தால் தண்ணீர் ஏற்கெனவே ஆறிப்போய் வந்திருக்கும், அங்கே 92இல் ஆன் ஆகும் ஸ்விட்சை வைத்தால் மேலே 100ஐத் தாண்டிய பிறகுதான் முழிக்கும்.

#4 வடக்குவாசல்

குளிர்நீர் சொன்னது முழுக்கச் சரி. மேல் ஹோஸில் வைக்கிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, மெல்லிய செம்புக் குழாய் உள்ள கப்பிலரி சுவிச். அதின்ர உணரியை ஹோஸ் வாயுக்குள்ள செருகி, குழாய் வெளிய வாற இடத்தில ரப்பர் பட்டை வைச்சு கிளிப்பை இறுக்க வேணும். கொஞ்ச நாளில அந்த இடத்தில தண்ணி கசியத் தொடங்கும். நான் ஒருத்தருக்கும் அதைச் சொல்லமாட்டன்.

மற்றது, ஹோஸை நடுவில வெட்டி இடையில போடுற அலுமினியக் குழாய். அதில 22 மி.மீ. திரெட்டில சுவிச் ஏறும். ஹோஸின்ர உள்விட்டத்தை அளந்து போட்டு வாங்குங்கோ. வெட்டினாப் பிறகு ரெண்டு பக்கமும் குறைஞ்சது 25 மி.மீ. ஹோஸ் குழாய்க்கு மேல ஏறி இருக்க வேணும்.

இதில கன பேர் விடுற பிழை: ஒரு முனை மட்டும் உள்ள சுவிச்சை வாங்கி அந்தக் குழாயில போடுறது. ஒற்றை முனைச் சுவிச்சுக்கு எர்த் அதின்ர உடம்பு வழியாத்தான் கிடைக்க வேணும். ஆனா அலுமினியக் குழாய்க்கு ரெண்டு பக்கமும் ரப்பர்! எர்த் எங்கயிருந்து வரும்? ஃபேன் ஒருநாளும் ஓடாது, ஆக்கள் ரிலேயை மாத்திக்கொண்டு இருப்பினம். ரெண்டு முனைச் சுவிச் வாங்குங்கோ. இல்லாட்டி குழாயில ஒரு ஸ்குரூ போட்டு எர்த் வயர் குடுங்கோ.

#5 நாலுசக்கரம்

சூடாவது நெரிசலில் மட்டும்தான், ஓட்டத்தில் முள் நடுவிலேயே நிற்கிறது. இரண்டு முனை ஸ்விட்ச் 92/87 எடுக்கிறேன்.

வயர் எத்தனை தடிமன்? சொலினாய்டிலிருந்து வலது உள் விங், அங்கிருந்து முன்னால் ரேடியேட்டர் தட்டைத் தாண்டி ஃபேன் வரை நூல் வைத்து அளந்தால் எர்த்தும் சேர்த்து 2 மீட்டர் சொச்சம் வருகிறது. வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடுவது நல்லதா?

#6 பூஜ்யம்_ஓம்

28/0.30 (0.30 மி.மீ. இழைகள் 28) என்று விற்கும் 2 சதுர மி.மீ. வயர் போதும், 44/0.30 என்கிற 3 சதுர மி.மீ. இன்னும் நல்லது. 2 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்குச் சுமார் 8.6 மில்லி ஓம். 2 மீட்டரில் 10 ஆம்ப் ஓடினால் 0.17 வோல்ட் இழப்பு. 3 சதுர மி.மீ. போட்டால் 0.12 வோல்ட். இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆனால் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில் பத்தல்ல, இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதனால்தான் ஃப்யூஸ் 15 அல்ல 20, வயர் 3 சதுர மி.மீ. என்கிறேன். ஃப்யூஸ் காப்பது வயரைத்தான், ஃபேனை அல்ல. வயர் தாங்கும் அளவுக்கு மேலே ஃப்யூஸ் ஏறவே கூடாது. ரிலே காயில் பக்க வயர்களுக்கு 14/0.30, அதாவது 1 சதுர மி.மீ., தாராளம்.

3 சதுர மி.மீ.க்கு ஒரு சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் நீலக் காப்பு டெர்மினல் 2.5 வரைக்கும், மஞ்சள் 4இலிருந்து மேலே. 3 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். நீலத்தில் இழைகளை வெட்டித் திணிப்பார்கள், மஞ்சளில் தொளதொளவென்று நிற்கும். இரண்டும் சூடாகும். காப்பில்லாத பித்தளை 6.3 மி.மீ. டெர்மினல், 3 சதுர மி.மீ. அளவுக்கானது, காதுகளை உள்ளே சுருட்டி அழுத்தும் கிரிம்ப் கருவி, மேலே ரப்பர் உறை. கிரிம்ப் செய்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் கருவியின் பல் அளவு தவறு.

ஈயம் வைத்து ஒட்டுவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஈயம் இழைக்குள் ஏறி எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் வயர் விறைத்துப்போகும். இன்ஜின் அதிர்வில் சரியாக அங்கேயே ஒடியும்.

#7 பழைய_இரும்பு

ரிலே காயிலுக்கான கரன்டைப் பச்சையிலிருந்து எடுக்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பச்சை ஃப்யூஸ் வேறு காரணத்துக்காகப் போனாலும் ஃபேன் நிற்கும். வைப்பர் மோட்டார் இறுகி ஃப்யூஸ் எரிந்தால், அதே மழை நெரிசலில் இன்ஜினும் கொதிக்கும். வெள்ளையிலிருந்து எடுத்து, உடனே 3 ஆம்ப் ஃப்யூஸ் ஒன்று போட்டுக்கொள்ளலாம். வெள்ளைக்கு ஃப்யூஸ் கிடையாது என்பதால் அந்த 3 ஆம்ப் இல்லாமல் வெள்ளையைத் தொடவே கூடாது. அது எங்காவது உரசி எர்த் ஆனால் லூம் (வயர்க் கட்டு) முழுக்க உருகும்.

அணைத்த பிறகு ஓட வேண்டுமா என்பதற்கு: வேண்டாம். இன்ஜின் நின்றதும் வாட்டர் பம்பும் நிற்கிறது. ஃபேன் ரேடியேட்டரில் உள்ள தண்ணீரைத்தான் ஆற்றும். சூடு தேங்கி நிற்பது சிலிண்டர் ஹெட்டில். அங்கிருந்து இங்கே தண்ணீர் வந்தால்தானே ஆறும்? கிடைக்கும் பலன் சொற்பம், செலவாவது பேட்டரி. அதோடு சாவியை எடுத்துவிட்டோம் என்று நம்பி பானெட்டுக்குள் கைவிடுகிறவரின் விரல் ஃபேனுக்குள் போகும்.

#8 பூஜ்யம்_ஓம்

வெள்ளை, 3 ஆம்ப்: ஒத்துக்கொள்கிறேன். அதுவே மேல். நாலுசக்கரம், #2இல் பச்சை என்று நான் சொன்னதை அடித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரிலே வேண்டுமா என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. ரிலே இல்லாமல் ஃபேனை இக்னிஷன் வட்டத்தில் நேராகக் கோத்தால், சாவியை அணைத்ததும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் ஜெனரேட்டராக மாறும். அது தரும் வோல்டேஜ் பச்சை வழியாகப் பின்னோக்கிப் போய் வெள்ளையை அடைந்து, இக்னிஷன் காயிலுக்கு உயிர் கொடுக்கும். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் சில நொடி ஓடும். கார்பரேட்டரையும் டைமிங்கையும் தேவையில்லாமல் சந்தேகிப்பார்கள். ரிலேயில் மோட்டார் வட்டமும் காயில் வட்டமும் ஒன்றையொன்று தொடாததால் இது நடக்கவே நடக்காது.

#9 மழைத்துளி

என்னுடையது 1965 எம்.ஜி.பி., பாசிட்டிவ் எர்த், டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய வகை ஜெனரேட்டர்). இதே வயரிங் எனக்கும் பொருந்துமா?

#10 பழைய_இரும்பு

பொருந்தும், மூன்று மாற்றங்களோடு. 1967 முடிவு வரை வந்த எம்.ஜி.பி.க்கள் பாசிட்டிவ் எர்த். உங்கள் பழுப்பு வயரில் இருப்பது நெகட்டிவ். ஆகவே ரிலேயின் 87 ஃபேனின் நெகட்டிவ் வயருக்கும், பாடி எர்த் ஃபேனின் பாசிட்டிவ் வயருக்கும் போக வேண்டும். மாற்றாமல் விட்டால் மோட்டார் கெடாது, எதிர்ப்பக்கம் சுற்றும். நின்றிருக்கும் காரில் சூடான காற்றை முன்னால் தள்ளும், அதுவும் அரைகுறையாக. ஓடும் காரிலோ எதிரே வரும் காற்றோடு மல்லுக்கு நிற்கும்.

இரண்டாவது, ரிலே. சில ரிலேக்களில் காயிலுக்குக் குறுக்கே டையோடு (ஒரு திசையில் மட்டும் கரன்ட் விடும் பாகம்) இருக்கும். அவற்றில் 86 பாசிட்டிவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் காரில் வயரை எண்படி மாட்டினால் டையோடு நேரடி ஷார்ட் ஆகிவிடும். காயிலுக்குக் குறுக்கே டையோடுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்த ரிலே வாங்குங்கள், அதற்குத் திசை கிடையாது. ரிலேயின் பக்கவாட்டில் அச்சிட்ட வரைபடத்தில் முக்கோணமும் கோடும் இருந்தால் அது டையோடு. எலெக்ட்ரானிக் ஃபேன் கன்ட்ரோலர்கள் நெகட்டிவ் எர்த்துக்கென்றே செய்தவை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்ப். ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) கட்-அவுட், அதாவது டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் ஸ்விட்ச், திறந்துகொள்ளும், டைனமோ எதுவும் தராது. ஃபேன் தேவைப்படுவதோ ஐடிலில். 10 ஆம்பும் முழுக்க பேட்டரியிலிருந்து. பகலில் அவ்வப்போது நெரிசல் என்றால் சமாளிக்கலாம். இரவில் ஹெட்லைட்டோடு நகரத்துக்குள் ஓட்டுவதென்றால் பழைய ஃபேனையே வைத்திருங்கள்.

#11 குளிர்நீர்

நாலுசக்கரத்துக்கும் இந்தக் கணக்கு தேவை. 17ஏ.சி.ஆர். 36 ஆம்ப் என்பது ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுற்றும்போது. இன்ஜின் 800 சுற்றில் நிற்கையில் 10, 12 ஆம்ப் தேறும். இரவு, மழை, சிக்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: டிப் லைட் இரண்டும் 9, பின் லைட், பக்க லைட், நம்பர் பிளேட் 2.5, பிரேக் லைட் 3.5, வைப்பர் 2.5, இக்னிஷன் 3. ஃபேன் 10. கூட்டினால் சுமார் 30 ஆம்ப். 12 வருகிறது, 30 போகிறது. 20 நிமிடம் அப்படியே நின்றால் பேட்டரியிலிருந்து 6 ஆம்ப்-ஹவர். நல்ல பேட்டரிக்கு அது ஒன்றுமில்லை, அடுத்த அரை மணி ஓட்டத்தில் திரும்ப ஏறிவிடும். தினமும் நெரிசலில் மட்டுமே ஓடும் கார் என்றால் 18ஏ.சி.ஆர். மாற்றுவதை யோசிக்கலாம், அது 43 ஆம்ப். அதற்கு முன் ஃபேன் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். தளர்ந்த பெல்ட் ஐடிலில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே முடக்கும்.

#12 வடக்குவாசல்

பொருத்துறதைப் பற்றி யாரும் சொல்லேல்ல. ஃபேனோட வாற பிளாஸ்ரிக் ஊசிகளை ரேடியேற்றர் துடுப்புகளுக்கு இடையால குத்தி இறுக்காதேங்கோ. அதிர்வில ஃபேன் ஆடும், ஊசி செம்புக் குழாயை உரசும், கடைசியில ஓட்டை. ரெண்டு அலுமினியப் பட்டி வெட்டி ரேடியேற்றரைப் பிடிக்கிற தட்டின்ர போல்ட்டுகளில குடுங்கோ. ஃபேனுக்கும் துடுப்புக்கும் இடையில ரப்பர் துண்டு.

பழைய ஃபேனைக் கழட்டேக்க கவனம்: அதைப் பிடிக்கிற போல்ட்தான் பம்ப் புல்லியையும் பிடிக்குது. ஃபேன் போனால் அதின்ர தடிப்பும் போயிடும். அதே நீளப் போல்ட்டைத் திருப்பிப் போட்டால் நுனி உள்ளுக்குப் போய் இடிக்கும், இல்லாட்டி இறுகாமல் நிக்கும். தடிப்பை அளந்து அவ்வளவு குட்டையான போல்ட் போடுங்கோ. புல்லியைக் கையால சுத்தி எங்கயும் முட்டேல்ல எண்டு பாருங்கோ.

முன்பக்கம் வைக்கிற ஃபேன் காற்றைத் தள்ள வேணும், இழுக்கக்கூடாது. ஓடவிட்டு, ரேடியேற்றருக்குப் பின்னால, இன்ஜின் பக்கம், ஒரு கடதாசியைப் பிடியுங்கோ. இன்ஜினை நோக்கிப் பறக்க வேணும். ரேடியேற்றரில ஒட்டினால் திசை பிழை. சில ஃபேனில வயரை மாத்தினால் மட்டும் போதாது, இலையையும் கழட்டிப் பிரட்டிப் போட வேணும்.

#13 பூஜ்யம்_ஓம்

கையால் போடும் ஸ்விட்ச் ஒன்று டாஷ்போர்டில் வேண்டுமென்றால், தெர்மோ ஸ்விட்சுக்கு இணையாக, 85ஐ எர்த்துக்குக் கொண்டுபோகும் மாதிரி வையுங்கள். தெர்மோ ஸ்விட்ச் செத்தாலும் கையால் ஓட்டலாம், உள்ளே வரும் வயரில் 0.15 ஆம்ப்தான். ஃபேனை அணைக்கும் ஸ்விட்ச் வைக்காதீர்கள், அதை யாராவது ஒரு நாள் அணைத்தபடி விட்டுவிடுவார்கள். காட்டி விளக்கு வைத்தால் 87இலிருந்து எடுங்கள். ரிலே காயிலிலிருந்து எடுத்தால் 20 ஆம்ப் ஃப்யூஸ் போன பிறகும் விளக்கு எரிந்து உங்களை நம்பவைக்கும்.

ரிலேயை வலது உள் விங்கில், ஃப்யூஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி. 87உம் 87ஏவும் ஒன்றல்ல: 87ஏ ரிலே ஓய்வில் இருக்கும்போது இணைந்திருப்பது. அதில் மாட்டினால் சாவி இல்லாமலேயே ஃபேன் ஓடும், இன்ஜின் சூடானதும் நிற்கும்.

சொலினாய்டைத் தொடுவதற்கு முன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். அந்த போல்ட்டில் ஃப்யூஸ் கிடையாது, ஸ்பானர் பாடியில் பட்டால் அதுவே வெல்டிங்.

#14 நாலுசக்கரம்

முடித்தாயிற்று. ஃபேன் ஓடும்போது எடுத்த அளவுகள்: சொலினாய்டு போல்ட்டில் 13.4, ஃபேன் பிளக்கில் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் 12.3. 1.1 வோல்ட் எங்கே போகிறது? கிளாம்ப் மீட்டரில் 9 ஆம்ப். ஃப்யூஸ் பிடிப்பான் கை வைக்க முடியாத சூடு.

#15 பூஜ்யம்_ஓம்

வயரில் போவது 0.1 சொச்சம்தான். மீட்டரை வோல்டில் வைத்து, ஃபேன் ஓடும்போதே துண்டு துண்டாக அளந்துகொண்டு போங்கள்: ஃப்யூஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ரிலே 30க்கும் 87க்கும் இடையில், ஃபேன் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில். எர்த் பக்கம் 0.2க்கு மேலே வரக்கூடாது, பாசிட்டிவ் பக்கம் மொத்தம் 0.5க்குள்.

#16 நாலுசக்கரம்

ஃப்யூஸ் பிடிப்பான் 0.5. ரிலே 0.05. எர்த் 0.4.

#17 பூஜ்யம்_ஓம்

0.5 வோல்ட், 9 ஆம்ப்: அந்தச் சின்னப் பிடிப்பானுக்குள் 4.5 வாட் சூடு. ஃப்யூஸ் எரியாமலேயே பிளாஸ்டிக் உருகும். உள்ளே இருக்கும் முனை ஃப்யூஸ் பிளேடைச் சரியாகக் கவ்வவில்லை. மூடி உள்ள, 4 சதுர மி.மீ. வயர் வால்களோடு வரும் பிடிப்பான் வாங்கி மாற்றுங்கள்.

எர்த்தை எங்கே கொடுத்தீர்கள்?

#18 நாலுசக்கரம்

ரேடியேட்டர் தட்டின் போல்ட்டில், பெயின்ட்டுக்கு மேலேயே.

#19 பழைய_இரும்பு

வளையம் உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிய வையுங்கள். பல் வாஷர், வளையம், நட். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள், அடியில் அல்ல. அப்படியும் 0.2க்குக் கீழே வரவில்லையென்றால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் பிளாக்குக்கும் பாடிக்கும் இடையில் அளந்து பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கத்து எர்த் பட்டை அறுந்திருந்தால் ஆல்டர்னேட்டரின் கரன்ட் திரும்ப வழியில்லாமல் சோக் கேபிளிலும் ஆக்ஸிலரேட்டர் கேபிளிலும் ஓடும். ஸ்டார்ட் பண்ணும்போது சோக் கேபிள் சூடாகிறதா என்று தொட்டாலே தெரிந்துவிடும்.

#20 நாலுசக்கரம்

பிடிப்பான் மாற்றினேன், தட்டைச் சுரண்டினேன். எர்த் 0.08. ஃபேன் பிளக்கில் 13.1. பட்டை இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் பாதி இழை அறுந்து தொங்குகிறது; புதிது வாங்கியதும் ஃபேனும் ஹெட்லைட்டும் போட்டுவிட்டு மறுபடி அளந்து இங்கே போடுகிறேன்.